சார்ஜ் ஏறும் டிஸ்போசபிள் வேப்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

பெட்டியில் 5,000 பஃப் (இழுப்பு), 10,000 பஃப் என்று அச்சடித்து, அடியில் டைப்-சி துளையோடு வருகிற டிஸ்போசபிள் வேப்களுக்கான, அதாவது தீர்ந்ததும் தூக்கிப் போடும் மின்-சிகரெட்டுகளுக்கான குறிப்பு இது. அமெரிக்கா, மலேசியா போன்ற நாடுகளில் கடைகளில் புழங்கும் ரகம். இதற்கு சர்வீஸ் சென்டர் கிடையாது, உதிரிப் பாகம் கிடையாது. அமெரிக்கக் கடைகளில் இருக்கும் பழ வாசனை ரகங்களில் பெரும்பாலானவை எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) அனுமதி பெறாதவை. பெட்டிக்குள் வரும் துண்டுச் சீட்டில் உருப்படியாக எதுவும் இருக்காது. அதனால் கோளாறு என்று வந்தால், கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிகிற அறிகுறியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உள்ளே இருப்பது ஐந்தே சாமான். லித்தியம் பேட்டரி ஒன்று, பெரும்பாலும் 500 முதல் 850 மில்லி ஆம்பியர் மணி வரை. 10 முதல் 20 மி.லி. வரை ஜூஸ் (ஆவியாகும் நிக்கோட்டின் திரவம்) ஊறிய பஞ்சு. அந்தப் பஞ்சோடு ஒட்டியிருந்து அதைச் சூடாக்கும், வலை போன்ற மெஷ் காயில். நீங்கள் இழுப்பதை உணரும் சென்சார். இவற்றை இணைக்கும் சின்ன சர்க்யூட் போர்டு. கோளாறு எதுவானாலும் இந்த ஐந்தில் ஒன்றில்தான் போய் முடியும். அதில் நம்மால் வெளியிலிருந்து சரிசெய்யக்கூடியவை இரண்டே: சார்ஜ் போகும் வழி, காற்று போகும் வழி.

தொடங்கும் முன்: இவை தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்

உடல் உப்பியிருப்பது, மூடி விலகி இடைவெளி தெரிவது, இழுக்காமலேயே சூடாவது, "ஸ்ஸ்" என்ற சத்தம், நெயில் பாலிஷ் போன்ற இனிப்பான ரசாயன வாசனை, தண்ணீரிலோ துணி துவைக்கும் மெஷினிலோ விழுந்து எழுந்தது. இதில் ஒன்று இருந்தாலும் கீழே உள்ள எதையும் முயலக் கூடாது. சார்ஜில் இருந்தால், சுவரில் உள்ள ஸ்விட்சை முதலில் அணைத்துவிட்டுக் கேபிளை உருவுங்கள். எரியும் பொருள் அருகில் இல்லாத தரையில், முடிந்தால் வீட்டுக்கு வெளியே, சிமென்ட் தளத்தில் வையுங்கள். ஈரமான வேப் காய்ந்த பிறகு வேலை செய்தாலும் அதை நம்ப முடியாது. உள்ளே போன தண்ணீர் பல நாள் கழித்துக்கூட ஷார்ட் ஆக்கும்.

கேபிள் செருகினேன், லைட்டே எரியவில்லை

அதிகம் பேர் "செத்துவிட்டது" என்று தூக்கி எறிவது இந்த நிலையில்தான். ஆனால் பல நேரம் குற்றம் கேபிளில்.

புது லேப்டாப், போன் சார்ஜர்களில் இரண்டு பக்கமும் டைப்-சி முனை இருக்கும். அந்த சார்ஜர் தானாக மின்சாரம் அனுப்பாது. எதிர்ப் பக்கம் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருந்தால்தான் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். மலிவு வேப் போர்டுகள் பலவற்றில் சில பைசா மிச்சம் பிடிக்க அந்த மின்தடையை வைப்பதே இல்லை. சார்ஜர் "இங்கே யாரும் இல்லை" என்று சும்மா இருந்துவிடும். ஒரு பக்கம் பழைய அகலமான யூ.எஸ்.பி. முனையும் மறுபக்கம் டைப்-சியும் உள்ள கேபிளை எடுத்து, பழைய 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜரிலோ லேப்டாப்பின் அகல யூ.எஸ்.பி. துளையிலோ செருகுங்கள். அந்தத் துளையில் எப்போதும் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும், கேள்வி கேட்காது.

அப்படியும் எரியவில்லையா? முனையைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பிச் செருகிப் பாருங்கள். டைப்-சி எந்தப் பக்கம் செருகினாலும் வேலை செய்ய வேண்டும் என்பது விதி. மலிவுத் துளையில் ஒரு பக்கத் தகடு மட்டும் தொடுவது உண்டு. அடுத்து, துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பாக்கெட்டில் கிடந்த வேப்பின் துளையில் துணிப் பிசிறு கெட்டியாக அமுங்கியிருக்கும். மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். உள்ளே இருக்கும் தகடுகள் ஒன்றோடொன்று பட்டுவிடும். பிசுபிசுப்பாக இருந்தால் ஜூஸ் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு விட்டுத் துடைத்து, குறைந்தது அரை மணி நேரம் உலரவிட்ட பிறகே சார்ஜ் போட வேண்டும்.

பல வாரம் காலியாகக் கிடந்ததென்றால் பேட்டரி மிகவும் இறங்கியிருக்கும். அப்போது போர்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றத் தொடங்கும். லைட் வர 10, 15 நிமிடம் ஆகலாம். அரை மணி நேரத்திலும் ஒன்றுமில்லை என்றால் அது முடிந்தது.

சார்ஜ் ஏறும் நேரமே ஒரு நல்ல அளவுகோல். 650 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, அரை ஆம்பியரில் ஏறினால், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் எடுக்கும். 10 நிமிடத்தில் "ஃபுல்" காட்டி, 20 இழுப்பில் காலியானால் பேட்டரியின் கொள்ளளவு போய்விட்டது. மூன்று மணி நேரமாகியும் ஃபுல் ஆகவில்லையென்றால் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அது நிறுத்தத் தெரியாத போர்டாக இருக்கலாம். இதனால்தான் தலையணை அருகிலோ தூங்கும் நேரத்திலோ சார்ஜ் போடக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம். கண் பார்வையில், டைல்ஸ் மேல், ஃபுல் ஆனதும் கழற்றிவிட வேண்டும்.

சார்ஜ் இருக்கிறது, இழுத்தால் லைட் வரவில்லை

புதிதாகப் பிரித்ததா? வாய் வைக்கும் முனையிலும் அடியிலும் சின்ன ரப்பர் மூடியோ ஸ்டிக்கரோ ஒட்டியிருக்கும். இரண்டையும் எடுத்தீர்களா என்று பாருங்கள். அடிப்பக்கத்தில் தள்ளும் ஸ்விட்ச் இருக்கும் மாடல்களில் அது "ஆஃப்" பக்கம் நகர்ந்திருக்கும். காற்றுத் துளையை விரல் மூடியிருப்பதும் உண்டு. சில மாடல்களில் அந்தத் துளை பிடிக்கும் இடத்திலேயே இருக்கிறது.

இதெல்லாம் சரியென்றால் சென்சார்தான். அது மைக்ரோபோன் மாதிரி ஒரு சின்ன வட்டு. உள்ளே மெல்லிய சவ்வு இருக்கும். நீங்கள் இழுக்கும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து சவ்வு வளையும்; வளைந்ததும் சிப் காயிலுக்கு மின்சாரத்தைத் திறக்கும். ஆவி குளிர்ந்து சொட்டாகி அந்தச் சவ்வின் மேல் உட்கார்ந்துவிட்டால் அது அசையாது.

வாய் முனையைக் கீழே பார்க்கும்படி பிடித்து, அதன் மேல் டிஷ்யூ சுற்றி, பழைய பாதரச தெர்மாமீட்டரை உதறுவதுபோல ஐந்தாறு முறை உதறுங்கள். டிஷ்யூவில் பழுப்பான ஈரம் தெரியும். முனையின் உள்ளே டிஷ்யூவைத் திரியாக முறுக்கி விட்டுத் துடையுங்கள். பிறகு ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள். வாயால் பலமாக ஊத வேண்டாம். பல பேர் செய்வது அதைத்தான். அது ஈரத்தைச் சென்சார் பக்கமே தள்ளும்.

லைட் எரிகிறது, ஆனால் ஆவி துளியும் இல்லை என்றால் கதை வேறு. சென்சார் வேலை செய்கிறது. காயில் கம்பி விட்டுவிட்டது, அல்லது ஜூஸ் தீர்ந்தது. வெளியிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

இழுக்கும்போது லைட் சிமிட்டுகிறது

சிமிட்டும் எண்ணிக்கையின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனாலும் பொதுவாக, பத்து முறைபோல நீளமாகச் சிமிட்டினால் சார்ஜ் இல்லை. மூன்று முதல் ஐந்து முறை சட்டென்று சிமிட்டி நின்றால் காயிலில் ஷார்ட். சார்ஜ் போட்டும் அது தொடர்ந்தால் வைத்துவிடுங்கள். எட்டு, பத்து விநாடி ஒரே மூச்சாக இழுக்கும்போது சிமிட்டினால் அது கோளாறே கிடையாது. அதிகம் சூடாகாமல் இருக்க போர்டு தானே நிறுத்துகிறது.

கருகிய சுவை, தொண்டை எரிச்சல்

இதைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் உடம்பைத் தொடும் கோளாறு இது. காயில் சூடாகி, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பஞ்சிலுள்ள ஜூஸை ஆவியாக்கும். பக்கத்துப் பஞ்சிலிருந்து ஜூஸ் ஊறி வந்து அந்த இடத்தை நிரப்பச் சில விநாடி வேண்டும். அதற்குள் அடுத்த இழுப்பு விழுந்தால் காய்ந்த பஞ்சு கருகும். குளிர் நாளில் ஜூஸ் கெட்டியாகி, ஊறுவது இன்னும் மெதுவாகும். இரண்டு காயில் உள்ள மாடல்களில், ஆவியைக் கூட்டும் "பூஸ்ட்" மோடில் இரண்டும் சேர்ந்து எரிவதால் ஜூஸ் இன்னும் வேகமாகத் தீரும்.

முதலில் 15 நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். பூஸ்ட்டை அணையுங்கள். குளிராக இருந்தால் உள்பாக்கெட்டில் வைத்து உடம்புச் சூட்டில் இளக விடுங்கள். ஹேர் டிரையர், ஹீட்டர், வெயிலில் நிற்கும் கார், மூன்றுமே பேட்டரிக்கு ஆபத்து. பிறகு இரண்டு விநாடி இழுப்பு, அரை நிமிட இடைவெளி என்று மூன்று நான்கு முறை இழுத்துப் பாருங்கள். சுவை திரும்பினால் பஞ்சு வெறுமே காய்ந்திருந்தது. இனி அந்த இடைவெளியையே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பவில்லையென்றால் பஞ்சு கருகிவிட்டது. கருகிய பஞ்சு மறுபடி பஞ்சாகாது. "இன்னும் 60% சார்ஜ் இருக்கிறதே" என்று தொடர்ந்து இழுக்காதீர்கள். ஜூஸில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் அளவுக்கு மீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப் பொருள்களாக உடையும். தொண்டையைக் கிழிப்பதுபோல இருப்பது அதன் எச்சரிக்கைதான். காசு போனது போகட்டும், அந்த வேப்பை அங்கேயே நிறுத்துங்கள்.

10,000 பஃப் என்றார்கள், பாதிகூட வரவில்லை

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 மி.லி. ஜூஸில் 10,000 இழுப்பு என்றால் ஒரு இழுப்புக்கு 1.5 மைக்ரோலிட்டர். ஒரு விநாடிகூட நிற்காத குட்டி இழுப்புக்குத்தான் அது போதும். மனிதர்கள் இழுப்பது இரண்டு, மூன்று விநாடி. அதில் 5 மைக்ரோலிட்டர் போவது சாதாரணம். அப்படிப் பார்த்தால் 3,000 இழுப்புதான். பஃப் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பெட்டியின் பின்பக்கம் எத்தனை மி.லி. என்று போட்டிருப்பதைப் பாருங்கள். நம்பத் தகுந்த எண் அதுவே.

திரையில் ஜூஸ் அளவு காட்டும் மாடல்களும் ஜூஸை அளப்பதில்லை. இழுத்த விநாடிகளைக் கூட்டி ஊகமாகத்தான் காட்டுகின்றன. அதனால் "20%" என்று காட்டும்போதே கருகல் தொடங்குவது உண்டு.

இதைவிட நம்பகமான ஒரு வழி இருக்கிறது. 650 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 2.4 வாட் மணி. 12 வாட்டில் மூன்று விநாடி இழுப்பு ஒன்றுக்கு 36 ஜூல். ஒரு சார்ஜுக்குக் கணக்கில் 240 இழுப்பு. வீணாவது போகக் கையில் வருவது 200 சொச்சம். 3,000 இழுப்புக்கு 12 முதல் 15 சார்ஜ். ஒவ்வொரு முறை ஃபுல் சார்ஜ் ஆனதும் உடலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு பன்னிரண்டைத் தொட்டதும், சுவையில் சின்ன மாற்றம் வந்தால் ஜூஸ் முடிகிறது என்று புரிந்துகொள்ளலாம். கருகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது கோட்டிலேயே கருகினால் அது ஜூஸ் தீர்ந்த கருகல் அல்ல. தொடர்ந்து இழுத்ததாலோ, தயாரிப்புக் குறையாலோ, போலியாலோ வந்தது.

களகளவென்று சத்தம், வாயில் ஜூஸ் தெறிக்கிறது

ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சுவதுபோலப் பலமாக இழுப்பதுதான் முதல் காரணம். நடுக் குழாயில் ஜூஸ் சேர்ந்து கொதித்துத் தெறிக்கும். வெயிலில் இருந்த காரில் வைத்திருந்தாலும் ஜூஸ் இளகிக் கசியும். விமானத்தில் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து ஜூஸை வெளியே தள்ளும். முன்பு சொன்ன உதறல், டிஷ்யூத் திரி, நிமிர்த்தி வைப்பது, இந்த மூன்றும் இங்கேயும் போதும். பிறகு மெதுவாக இழுங்கள். வாயில் பட்ட ஜூஸை விழுங்காமல் துப்பி, வாய் கொப்பளியுங்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

தானாகவே எரிகிறது

யாரும் தொடாமல் லைட் வந்து, வாய் முனையிலிருந்து ஆவி எழுந்து, உடல் சூடாகும். சென்சார் சவ்வு ஈரத்தில் வளைந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டதால் வருவது. பத்து விநாடியில் போர்டு நிறுத்தினாலும் மறுபடி தொடங்கலாம். பாக்கெட்டிலோ பையிலோ இருந்தால் உடனே வெளியே எடுத்து, டைல்ஸ் மேலோ இரும்புத் தட்டிலோ வையுங்கள். ஸ்விட்ச் இருந்தால் அணையுங்கள். சார்ஜ் போடாதீர்கள். அது ஆறிய பிறகு ஒருமுறை உதறிப் பார்க்கலாம். மறுபடி ஒரே ஒரு தடவை தானாக எரிந்தாலும் அதோடு விடுங்கள்.

தலை சுற்றுகிறது, குமட்டுகிறது

வேப் நன்றாக வேலை செய்கிறது, நிக்கோட்டின்தான் அதிகமாகிவிட்டது. பெட்டியில் 5% என்றால் ஒரு மி.லி.க்கு 50 மி.கி. ஒரு 5 மைக்ரோலிட்டர் இழுப்பில் கால் மி.கி. பத்து இழுப்பில் இரண்டரை மி.கி.; ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போவது ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மி.கி.தான். சிகரெட் எரிந்து முடிந்தால் தானே நிற்கும். இதில் அந்த முடிவு இல்லை. கையில் இருக்கும் வரை இழுத்துக்கொண்டே இருக்கலாம். நிறுத்திவிட்டு, காற்றோட்டமாக உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். வாந்தி நிற்காமல் வந்தாலோ, நெஞ்சு படபடப்பு அடங்காவிட்டாலோ, கை கால் நடுங்கினாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண் 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

15 மி.லி. வேப்பில் மொத்தம் 750 மி.கி. நிக்கோட்டின் இருக்கிறது. மிட்டாய் நிறத்தில், பழ வாசனையோடு. வீட்டில் குழந்தை இருந்தால் அதைப் பூட்டி வைக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். மேசை மேல் வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

ஜூஸ் தீர்ந்தது, பேட்டரி நன்றாக இருக்கிறது. திறந்து ஊற்றலாமா?

கூடாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மெல்லிய ஃபாயில் உறை போட்ட பேட்டரி; ஸ்க்ரூடிரைவர் முனை லேசாகக் குத்தினாலே தீப்பிடிக்கலாம். அது தப்பினாலும், பஞ்சும் காயிலும் ஒரு டேங்க் ஜூஸுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. இரண்டாவது முறை ஊற்றிய ஜூஸ் கருகல் சுவையோடுதான் வரும். ஊற்றி ஊற்றி இழுக்க வேண்டும் என்பவர்களுக்கு அதற்கென்றே செய்த பாட் வகை இருக்கிறது. பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் சார்ஜ் ஏற்ற முடியாத, அல்லது மறுபடி ஜூஸ் நிரப்ப முடியாத வேப்களை விற்பதே குற்றம். சார்ஜ் மட்டும் ஏறும், ஜூஸ் ஊற்ற முடியாது என்கிற இந்த ரகமும் அந்தத் தடைக்குள் வருகிறது.

பயணத்தில்

விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, விமானத்துக்குள் சார்ஜ் போடவும் கூடாது. இந்தியாவுக்கு வரும்போது எடுத்து வராதீர்கள். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதியையும் விற்பனையையும் இருப்பு வைப்பதையும் தடை செய்கிறது. இறக்குமதி, விற்பனைக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சிங்கப்பூர் வழியாக வருபவர்களும் கவனிக்க வேண்டும்: அங்கே 2018 பிப்ரவரி 1 முதல் வேப்பைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

முடிந்த வேப்பை என்ன செய்வது

குப்பைத் தொட்டியில் போட்டால் அது லாரியின் அமுக்கும் தகட்டில் நசுங்கும். பேட்டரி கிழிந்து குப்பை வண்டியே பற்றி எரியலாம். பிரிட்டனில் வேப் விற்கும் கடைகள் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் உங்கள் கவுன்ட்டியின் அபாயக் கழிவுச் சேகரிப்பு மையத்தில் கொடுக்கலாம். கொடுக்கும் வரை வாய் முனையையும் காற்றுத் துளையையும் டேப்பால் ஒட்டி, ஜிப் பையில் போட்டு, ஒன்றுக்கு மேல் சேர்த்து வைக்காமல், குழந்தைக்கு எட்டாத இடத்தில் தனியாக வையுங்கள். டேப் ஒட்டுவது கசிவுக்காக மட்டும் இல்லை. துளை மூடியிருந்தால் பைக்குள் காற்று அசைந்தாலும் சென்சார் எரிய வைக்காது.